திட்டினால் தெரிந்துவிடும்

ஒரு பாட்டைப் பாராட்டி நாலு வரி எழுதியிருந்தால் அது எந்தப் பாட்டு என்று சத்தியமாகக் கண்டுபிடிக்க முடியாது. அதையே வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். லண்டன் டூட்டிங்கில் என் மச்சான் வீட்டில் பல சாயங்காலங்களைத் தொலைத்து நான் கற்றுக்கொண்டது இது. வேறு எங்கும் இந்த ஞானம் பயன்படும் என்று தோன்றவில்லை.

மச்சான் தெற்கு லண்டனுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. வேலையில் இருந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தார். ஓய்வு பெற்றதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைகளில் அலைந்து, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த ஆங்கில இசைப் பத்திரிகைகளை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். மெலடி மேக்கர், நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ், ரெக்கார்ட் மிரர், டிஸ்க். எல்லாம் வாரப் பத்திரிகைகள். எல்லாம் செய்தித்தாள் காகிதம். புரட்டினால் ஓரம் உதிர்ந்து விரலில் ஒட்டும். அக்கா அவற்றை வைத்திருக்கும் அறைக்குள் வருவதில்லை. வந்தால் தும்மல்.

ஆட்டம் எளிது. புது சிங்கிள்களை, அதாவது முன்னே ஒரு பாட்டும் பின்னே ஒரு பாட்டும் உள்ள சின்ன இசைத்தட்டுகளை, விமர்சிக்கும் பக்கத்தை மச்சான் எடுப்பார். பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படிப்பார். நான் பாட்டைச் சொல்ல வேண்டும். அவருடைய கட்டைவிரல் கொஞ்சம் பெரியது. விமர்சனமே மூன்று வரிதான் என்கிறபோது ஒன்றரை வரி விரலுக்கு அடியில் போய்விடும். மீதியை வைத்துக்கொண்டு நான் மல்லுக்கட்ட வேண்டும்.

அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் பாடு பெரும்பாடு. ஒரு தட்டு ஆறு ஷில்லிங் சொச்சம் விற்ற காலம். வாரா வாரம் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். எல்லாவற்றையும் கேட்டு, வேகமா மெதுவா, பின்பக்கத்தில் என்ன, விற்குமா விற்காதா என்று அச்சுக்குப் போவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். விற்குமா என்பதுதான் முக்கியம். கடைகளுக்கு போன் போட்டு விசாரித்து பிரிட்டனின் முதல் சிங்கிள்ஸ் விற்பனைப் பட்டியலை 1952 நவம்பரில் வெளியிட்டதே நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்தான். அதன் பிறகு விமர்சகரின் பாதி வேலை ஜோசியம். அந்தப் பத்திரிகையில் டெரக் ஜான்சன் அறுபதுகளில் இந்த வேலையைச் சலிக்காமல் செய்தார். சலித்திருந்தாலும் வெளியே தெரியவில்லை.

ஆனால் பாராட்டு என்று வந்துவிட்டால் எல்லாரும் ஒரே அச்சு. துள்ளலான தாளம், மனதில் நிற்கும் மெட்டு, உருக்கமான குரல், கண்டிப்பாக மேலே போகும். மணமகள் தேவை விளம்பரத்தில் எல்லாப் பெண்களும் ஒரே பெண்ணாக இருப்பது போலத்தான். இந்த லட்சணங்களைக் கேட்டு நான் பீட்டில்ஸ் என்பேன். மச்சான் கட்டைவிரலை எடுத்தால் அந்த ஒரே ஒரு தட்டோடு ஊர் போய்ச் சேர்ந்த ஏதோ ஒரு கோஷ்டி இருக்கும். அடுத்ததற்கு உஷாராகி யாரோ பெயர் தெரியாதவன் என்பேன். அது பீட்டில்ஸ்.

டிஸ்க்கில் எழுதிய பென்னி வாலன்டைன் மட்டும் விதிவிலக்கு. அந்தம்மா ஒரு பாட்டைப் பாராட்டினால், அதைக் கேட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆள் அந்த வரிகளில் தெரிவார். மற்றவர்கள் தட்டை எழுதினார்கள், இவர் கேட்டதை எழுதினார். நான் ஜெயித்த ஆட்டங்களில் பாதி இவர் போட்ட பிச்சை.

விடை தெரியாதபோது லெட் செப்பலின் என்று சொல்லிவிடுவது ஆரம்பத்தில் என் வழக்கம். கிடார் சத்தம் அதிகம் என்று வந்தாலே போதும்.

“மாப்ள, அவங்க அந்தக் காலத்துல இங்க சிங்கிளே போடலையே. ஆல்பமா வாங்கிக் கேளுன்னுட்டாங்க. இல்லாத ஊருக்கு எதுக்கு வழி சொல்றீங்க?”

“ஒரு தட்டு அச்சடிச்சுட்டு நிறுத்திட்டாங்கன்னு படிச்சேனே மச்சான்.”

“நிறுத்தினதுக்கு எவன் விமர்சனம் எழுதுவான்?”

நியாயம்தான். பிங்க் ஃப்ளாய்டும் எனக்கு இப்படித்தான் துரோகம் செய்தார்கள். 1968 கடைசியில் ஒரு சிங்கிள் போட்டார்கள், ஓடவில்லை. பிரிட்டனில் அடுத்ததைப் போட்டது 1979இல். இடைப்பட்ட பதினொரு வருஷத்துப் பத்திரிகைகளுக்கும் நான் அந்தப் பெயரை வீணாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி திட்டுக்கு வருகிறேன். 1966 ஜூலை கடைசியில் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பம் கடைக்கு வருமுன்பே டிஸ்க் பத்திரிகை அதை ரே டேவிஸிடம் கொடுத்து, பாட்டுப் பாட்டாக அபிப்பிராயம் சொல்லச் சொன்னது. ரே டேவிஸ் யார்? கிங்க்ஸ் குழுவின் தலை. அந்த மாதம்தான் அவருடைய ‘சன்னி ஆஃப்டர்நூன்’, பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாட்டை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டு ஏறியிருந்தது. அப்படிப்பட்டவரிடம் போய்ப் பங்காளி வீட்டுச் சமையல் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள்.

மச்சான் விரலை வைத்துக்கொண்டு படித்தார். ஹைடன் இசைத்தட்டு ஒன்று வாங்கினாராம், இதுவும் அதைப் போலவே இருக்கிறதாம். ஆரம்பப் பள்ளி மியூசிக் டீச்சர்களைச் சந்தோஷப்படுத்தப் போட்ட பாட்டாம். “எலினோர் ரிக்பி!” என்று கத்தினேன். நாலு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. பீட்டில்ஸில் ஒருவர்கூட வாத்தியத்தைத் தொடாத பாட்டு. பாராட்ட வந்தவராக இருந்தால் ‘அழகிய பின்னணி இசை’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார், நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருப்பேன். ‘யெல்லோ சப்மரீன்’ பாட்டைக் குப்பை என்றார் டேவிஸ். அடுத்த வாரம் இரண்டும் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களாக சிங்கிளாக வந்தன. முதலிடம், நாலு வாரம். அதனால் டேவிஸ் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது. டீச்சர்களுக்கும் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

திட்டுகளின் ராஜா 1975இல் மெலடி மேக்கரில் வந்தது. எழுதியவர் ஆலன் ஜோன்ஸ். ஏதோ ஒரு தட்டைப் பற்றி, பால்ஹம் பேட்டை அமெச்சூர் ஓபரா கோஷ்டி வெறி பிடித்துப்போய் ‘பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ நாடகம் போட்ட மாதிரி இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார். குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ என்று குழந்தை சொல்லும். ஐந்து நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடி ஓடும் அந்தப் பாட்டைப் பற்றி லட்சக்கணக்கான நல்ல வார்த்தைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் எதை எடுத்து நீட்டினாலும் வேறு பத்துப் பாட்டுக்குப் பொருத்தலாம். இதைப் பொருத்த முடியாது. ஒன்பது வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது அந்தப் பாட்டு. 1991இல் ஃப்ரெடி மெர்க்குரி இறந்தபின் மறுபடி வந்து ஐந்து வாரம் உட்கார்ந்தது.

ஆனால் மச்சானுக்கு இந்த விமர்சனத்தின் மேல் தீராத கோபம். குவீனுக்காக இல்லை, பால்ஹமுக்காக. டூட்டிங் பிராட்வேயிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் பால்ஹம்.

“நம்ம ஏரியாவை எதுக்கு இழுக்கிறான்? செல்சியில நாடகம் போடுறவன் எல்லாம் கிழிச்சிட்டானா?”

“அப்படி ஒரு கோஷ்டி இருந்துச்சா மச்சான்?”

“இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பேர் போயிருச்சுல்ல?”

பாட்டுக்காரர்களே இந்த விளையாட்டை ஆடியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எங்களுக்குக் கொஞ்சம் கௌரவம் வந்தது. மெலடி மேக்கரில் ‘பிளைண்ட் டேட்’ என்று ஒரு பகுதி. ஒரு பிரபலத்தை உட்கார வைத்து, யார் என்று சொல்லாமல் புதுத் தட்டுகளைப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். 1967 ஜூலையில் அகப்பட்டவர் பிங்க் ஃப்ளாய்டின் சிட் பாரட். அவருக்குப் போடப்பட்ட தட்டுகளில் ஒன்று, அன்றைக்கு யாரும் சீந்தாத டேவிட் போவி என்கிற பையனின் ‘லவ் யூ டில் டியூஸ்டே’. சிட் பாரட்டின் தீர்ப்பு: இது ஜோக், ஜோக் நல்லதுதான், இரண்டாம் தடவை போட்டால் இன்னும் பெரிய ஜோக்காக இருக்கலாம், தன் கால்விரல் மட்டும் ஆடவில்லை. தட்டும் ஓடவில்லை. போவி இதை மனதில் வைத்துக்கொண்டாரா தெரியாது. வைத்துக்கொண்டிருந்தால் மகா பெருந்தன்மை, ஏனென்றால் சிட் பாரட் எழுதிய ‘சீ எமிலி ப்ளே’யை 1973இல் தன் ஆல்பத்தில் ஆசையாகப் பாடி வைத்திருக்கிறார்.

பத்திரிகைகள் கைவசம் தீர்ந்துவிட்டால் மச்சான் தானே அந்தக் காலத்துப் பாணியில் விமர்சனம் எழுதிக்கொண்டு வருவார். இதில் அவர் அயோக்கியர். ‘தோட்டத்துக் குள்ளன் பொம்மை பேசுகிறது, வேகம் கூட்டிய கீச்சுக் குரல், கடி ஜோக்குகள், குழந்தைகள்கூட ஒரு தடவைக்கு மேல் தாங்க மாட்டார்கள்.’ யாரோ டிவி கோமாளி என்றேன். இதுவும் போவி. ‘தி லாஃபிங் க்னோம்’, 1967, படுதோல்வி. அவர் பெரிய ஆள் ஆனபின் 1973இல் கம்பெனி அதைத் தூசி தட்டி மறுபடி விட, ஆறாம் இடம் வரை போய் மானத்தை வாங்கியது. இன்னொன்று: ‘பீ ஜீஸைக் காப்பி அடித்திருக்கிறார்கள், அதையும் பயந்து பயந்து.’ இது ஜெனிசிஸ். 1968இல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிள். தயாரிப்பாளர் ஜோனதன் கிங்குக்கு பீ ஜீஸ் என்றால் உயிர். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவரைக் குளிர வைக்க அந்த மாதிரியே எழுதினார்கள். அந்த பீ ஜீஸோ அதற்கு முந்தின வருஷம்தான் பெயர் போடாத தட்டுகளாக வானொலிக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்து, இது பீட்டில்ஸோ என்று பலரை நினைக்க வைத்தார்கள். எல்லாரும் யாரோ ஒருவர் மாதிரி இருந்த காலம். நான் மட்டும் எப்படிச் சரியாகச் சொல்வது?

‘கிடார்காரனுக்கு ஸ்பீக்கர் கிழிந்திருப்பதுகூடத் தெரியவில்லை’ என்று ஒரு நாள் எழுதி வந்தார். சிரித்துவிட்டேன். கிங்க்ஸின் ‘யூ ரியலி காட் மீ’. 1964இல் ரேயின் தம்பி டேவ் டேவிஸ் பிளேடை எடுத்துத் தன் ஸ்பீக்கரை நிஜமாகவே கீறிவிட்டுத்தான் வாசித்தார். மச்சான் வசையாக எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. தி ஹூ குழு அடுத்த வருஷம் அனுப்பிய டேப் ஒன்றை, ஒலிப்பதிவில் கோளாறு இருக்கிறது என்று அமெரிக்கக் கம்பெனி திருப்பி அனுப்பியதாக ஒரு கதை உண்டு. கோளாறுதான் பாட்டு. கம்பெனிக்காரர்களுக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் மச்சானும் நானும் பாரபட்சமாக நடந்துகொள்வோம். 1967இல் பீட்டில்ஸ் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’, ‘பென்னி லேன்’ இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விட்டார்கள். ராக் வரலாற்றில் இதைவிட நல்ல சிங்கிள் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு, நானும் சொல்வேன். அது இரண்டாம் இடத்தோடு நின்றது. மேலே போகவிடாமல் ஆறு வாரம் முதலிடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது ‘ரிலீஸ் மீ’ என்கிற அழுவாச்சிப் பாட்டு. பாடியவர் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க். பிறந்த ஊர் மெட்ராஸ், 1936. உலகம் முழுக்க விமர்சகர்கள் இதை அநியாயம் என்று எழுதுகிறார்கள். நாங்கள் எழுத மாட்டோம். ஏனென்றால் பீட்டில்ஸ் முதல் சிங்கிளைப் பதிவு செய்வதற்குச் சற்று முன்பு, 1962 ஆகஸ்டில், தங்கள் டிரம்மர் பீட் பெஸ்டை வெளியே அனுப்பினார்கள். அவர் பிறந்ததும் மெட்ராஸ்தான், 1941. ஊர்க்காரனைத் துரத்தினால் இன்னொரு ஊர்க்காரன் வந்து வழியை மறிப்பான். இதை இசை விமர்சனம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

கடைசியாகப் போயிருந்தபோது நான் விமர்சனம் எழுதி மச்சானைச் சோதித்தேன். தி ஹூவின் ‘மை ஜெனரேஷன்’. 1965, இரண்டாம் இடம். வேண்டுமென்றே பாராட்டி எழுதினேன். இளைஞர்கள் விரும்பும் வரிகள், துடிப்பான டிரம்ஸ், உற்சாகமான குரல், நடனத்துக்கு ஏற்றது, நிச்சயம் மேலே போகும்.

“ஹோலீஸ்.”

“இல்ல மச்சான்.”

“டேவ் கிளார்க் ஃபைவ்? சர்ச்சர்ஸ்? மேன்ஃப்ரெட் மேன்?”

அக்கா தட்டு வைத்துவிட்டார். மச்சான் தோசையைப் பிய்த்துக்கொண்டே ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ், ஃப்ரெடி அண்ட் தி ட்ரீமர்ஸ் என்று அறுபதுகளின் ரேஷன் கார்டு முழுவதையும் ஒப்பித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பெரிய மனது பண்ணி ஒரே ஒரு திட்டுச் சேர்த்தேன்.

“பாடுறவனுக்குத் திக்குவாய் மச்சான்.”

“தி ஹூ!” வாயில் தோசையோடு எழுந்தே நின்றுவிட்டார். “மை ஜெனரேஷன்! பிபிசிகூட திக்குறவங்க மனசு புண்படும்னு முதல்ல போடல! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன மாப்ள?”

சமையலறை வாசலில் சட்னிக் கிண்ணத்தோடு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

“யாருக்குத் தம்பி திக்குவாய்? நம்ம சொந்தத்துலயா?”