பொனட் டொக்டர்

மருதானை டெக்னிக்கல் சந்தியில் பழைய கார் ஒன்று நின்று, பொனட் மேலே எழும்பினால் போதும். சற்று நேரத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒரு கையில் குடை, மறு கையில் பாணும் மருந்துச் சீட்டும் வைத்த பை. கொட்டாஞ்சேனை பஸ்ஸைத் தவறவிட்டாலும் விடுவாரே தவிர, திறந்த பொனட்டைத் தவறவிட மாட்டார்.

"என்ன தம்பி, ஸ்டார்ட் வருதில்லையோ?"

"ஓம் ஐயா. சூடேறினவுடன நிண்டு போகுது."

"கொயில்."

பரிசோதனை முடிந்தது. இனி நடப்பதெல்லாம் சிகிச்சை.

அவர் கொயில் என்று சொன்னதற்குக் காரணம் அந்தக் காரில் இல்லை. அவருடைய ஒஸ்டின் ஏ40இல் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் அது கடுகண்ணாவை ஏற்றத்தில் குடும்பத்தோடு நின்றுபோனபோது, குற்றவாளி கொயில். அன்று தொடக்கம் இலங்கையில் நிற்கிற கார்களுக்கெல்லாம் ஒரே நோய்தான். கொண்டென்சர்காரர் என்றும் ஒரு வகையினர் உண்டு. பிளக்குக்காரர் உண்டு. "பொயின்ட் எரிஞ்சிருக்கும்" என்று தூரத்திலிருந்தே தீர்ப்புச் சொல்பவரும் உண்டு. இன்னார் எதைச் சொல்வார் என்று அறிய, அவருடைய முதல் கார் எந்த மேட்டில் நின்றது என்று விசாரித்தால் போதும்.

முழுப் பழியையும் அவர்மேல் போடவும் முடியாது. மொரிஸ் மைனர் காலத்து இக்னிஷன், பார்ப்பவரையெல்லாம் நிபுணராக்கிவிடும் அளவுக்கு எளிமையானது. பற்றரியின் 12 வோல்ட் கொயிலுக்குப் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ட் திறக்கிற கணத்தில் கொயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்த, ரோட்டர் சுற்றிச் சுற்றி நாலு பிளக்குக்கும் பங்கு வைக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், பொயின்ட் 6,000 தரம் திறந்து மூட வேண்டும். திறக்கும் இடைவெளி சுமார் 0.38 மில்லிமீற்றர். அமெரிக்காவின் சார்ள்ஸ் கெட்டரிங் 1910ஆம் ஆண்டுக் கடிலாக்குக்காக அமைத்த இந்த ஏற்பாடு, எழுபதுகளில் இலத்திரனியல் இக்னிஷன் பரவும்வரை பெரிதாக மாறவில்லை. ஒரு காரில் கற்ற வித்தை அறுபது வருடக் கார்களுக்குச் செல்லுபடியானது. இப்படியொரு பல்கலைக்கழகப் பட்டம் வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் அவருடைய புகழுக்கு அத்திவாரம் வேறு. பழுதாகிவரும் கொயில், சூடேறினால்தான் உள்ளே விட்டுப்போகும்; ஆறினால் பழையபடி வேலை செய்யும். கொண்டென்சரும் பல தடவை அப்படித்தான். அரை மணித்தியாலம் சும்மா விட்டாலே கார் தானாக எழும்பும். அந்த அரை மணித்தியாலத்தை டொக்டர் சும்மா விடுவாரா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே ஊதுவார். லேஞ்சியால் துடைப்பார். நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கத்தால் பொயின்ட்டை இரண்டு இழுப்பு இழுப்பார். யாரோ ஒரு காப்புறுதி முகவரின் விசிட்டிங் காட்டை மடித்து இடைவெளிக்குள் விட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, "இப்ப ஒருக்கா அடியும், பாப்பம்" என்பார்.

அடித்தால், பிடிக்கிறது! கடைசியாகத் தொட்டது எதுவோ அதுதான் நோய், தொட்டவர் கைராசிக்காரர். வெள்ளவத்தைக்குப் போகும் வழியில் பம்பலப்பிட்டியில் அதே கார் மறுபடி நிற்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. அங்கே வேறொரு டொக்டர் இருப்பார்.

கை கொடுக்காத நாட்களும் உண்டு. ஒரு பின்னேரம், தூசி தட்டுகிறேன் என்று நாலு பிளக் வயரையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டார். மொரிஸ் எஞ்சின் 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் வெடிக்கும். இவர் பாலர் வகுப்பு ஒழுங்கில், 1, 2, 3, 4 என்று மாட்டினார். ஸ்டார்ட்டரை அடித்ததும் காபரேற்றர் வழியாக ஒரு வெடி, சைலன்சர் வழியாக இன்னொன்று. வெடிச்சத்தத்தோடு வளர்ந்த கொழும்புத் தலைமுறை சட்டென்று குனிந்தது. டொக்டர் மட்டும் நிமிர்ந்து நின்று, "டைமிங்கும் பிழை" என்றார்.

மெய்யான வைத்தியம் டெக்னிக்கல் சந்தியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பஞ்சிகாவத்தையில் நடக்கிறது. காரின் எந்த உறுப்பும் கிடைக்கும் சந்தை அது. பெட்டியில் லூக்கஸ் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது யார் பெற்ற பிள்ளையோ. அங்குள்ள சிங்கள பாஸ் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனால், முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடம்பில் சாய்த்து, ஸ்டார்ட்டரை அடிக்கச் சொல்வார். நீலமாகச் 'சுரீர்' என்று பொறி விழுந்தால், இக்னிஷனை விட்டுப் பெற்றோல் பக்கம் போவார். மஞ்சளாக இழுபட்டால், கொயிலிலிருந்து வரும் நடு வயரை எடுத்து அதே சோதனை. அங்கே பொறி நன்றாக இருந்தால் சந்தேகம் மூடியின்மேலும் ரோட்டர்மேலும்; கொழும்பு மழைக்கு மூடிக்குள் ஈரம் பிடிப்பதே பாதி வருத்தம். அங்கேயும் பொறி இல்லையென்றால் பொயின்ட், கொண்டென்சர், கொயில். பொயின்ட் திறக்கும்போது அதன் வாயிலேயே நெருப்புப் பறந்தால் கொண்டென்சர் முடிந்தது. இவ்வளவுக்கும் அவர் வாய் திறப்பதில்லை.

அதுதான் டொக்டருக்குப் பிடிக்காது. "பேசாமச் செய்யிற வேலையை எப்பிடி நம்புறது?" என்பார்.

1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் மொரிஸ் மைனர்கள் செய்யப்பட்டன. இங்கே வந்து சேர்ந்தவற்றில் பல இன்னும் ஓடுகின்றன, அல்லது தள்ளப்படுகின்றன. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியை மிச்சம்பிடிக்க வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த இடைவெளியில் ஷெட்டில் தூங்கிய கார்களுக்கும் மரியாதை வந்தது, டொக்டருக்கும் வந்தது.

உச்சக்கட்டம் 2022. கியூஆர் அட்டையும் வாரம் 20 லீற்றர் பங்கீடும் வருவதற்கு முந்திய ஜூன் மாதம், பெற்றோல் வரிசையில் கார்களைக் கையாலே தள்ளிக்கொண்டு போன நேரம். வரிசைக்கு வரும் வழியிலேயே நின்றுபோன ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஒன்றில் டொக்டர் வேலையை ஆரம்பித்தார். மூடி கழன்றது, ரோட்டர் கழன்றது, பொயின்ட் இரண்டு தரம் உரசப்பட்டது. கொயிலுக்கு ஈரத்துணி சுற்றியும் ஆயிற்று. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த த்ரீவீல் பையன் மெதுவாகக் கேட்டான்:

"ஐயா, டேங்க்ல பெற்றோல் ஈக்குதா?"

டொக்டர் கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்தார்.

"அது கொயிலுக்குப் பிறகு பாக்கிற விசயம், தம்பி."