பால்மாப் பேணிக்குக் காவல்

1948 இல் பிரித்தானியாவின் கையில் காசு இல்லை. தலைக்கு மேல் அமெரிக்கக் கடன். சீனி, இறைச்சி எல்லாம் பங்கீட்டில். போர்க்காலத்தில் கூடப் பங்கிடாத பாணுக்கும் கூப்பன். அந்த வங்குரோத்து அரசாங்கம்தான் ஜூலை 5 ஆம் திகதி தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ்ஸைத் தொடங்கியது.

மேற்கு லண்டன் ஹவுன்ஸ்லோவின் தாய் சேய் நலம் அப்போது மிடில்செக்ஸ் கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. மிட்வைஃப் வீட்டுக்கு வர வேண்டும், பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஹெல்த் விசிட்டர் வர வேண்டும் என்றது சட்டம். பிள்ளைக்கு அரசாங்கப் பால்மா, தோடம்பழச் சாறு, மீன் எண்ணெய். எண்ணெய் இலவசம், சாறு சில பென்ஸ். பிள்ளைகள் எண்ணெயைத் துப்பின. ஆனாலும் சாகாமல் வளர்ந்தன. 1930 இல் ஆயிரத்துக்கு 60 கைக்குழந்தைகள் இறந்த நாட்டில் 1948 இல் 34.

இன்று இந்த நாடு உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று. சூப்பர் மார்க்கெட்டில் பால்மாப் பேணிக்குத் திருட்டுத் தடுப்புப் பட்டி கட்டியிருக்கிறார்கள். விஸ்கிப் போத்தலுக்குக் கட்டுகிற அதே பட்டி. ஏழைத் தாய்க்கு அரசாங்கம் தரும் ஹெல்தி ஸ்டார்ட் உதவி கைக்குழந்தைக்கு வாரம் 8.50 பவுண்டாக இருந்தது. 2021 இல் போட்ட தொகை. நாலு வருடத்துக்கு மேல் அசையவில்லை. 2021க்கும் 2023க்கும் இடையில் பால்மா விலை மட்டும் 25 வீதம் ஏறியது. போட்டி ஆணையம் ஆற அமர விசாரித்து 2025 இல் அறிக்கை விட்டது. ஆணையத்துக்கு அறிக்கை. கம்பனிக்கு லாபம். தாய்க்குப் பட்டி.

2015 ஒக்டோபரில் ஹெல்த் விசிட்டர் சேவையைக் கவுன்சில்களின் தலையில் இறக்கினார்கள். இறக்கிய கையோடு பொதுச் சுகாதார மானியத்தையும் வெட்டினார்கள். பத்து வருடத்துக்குள் இங்கிலாந்தில் ஐந்தில் இரண்டு ஹெல்த் விசிட்டரைக் காணவில்லை. சில இடங்களில் வீடியோ அழைப்பாம். பிள்ளையைக் கமராவில் காட்டலாம். நிறையை எப்படிக் காட்டுவது? சின்னப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமான ஷுவர் ஸ்டார்ட் நிலையங்கள் 3,500க்கு மேல் இருந்தன. 2010க்குப் பிறகு ஆயிரத்துக்கு மேல் மூடியாயிற்று. மூடிய பிறகு, 'ஃபேமிலி ஹப்' என்று புதுப் பெயர் வைத்து ரிபன் வெட்டுகிறார்கள். கத்தரிக்கோலுக்கு மட்டும் இந்த நாட்டில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

அந்தத் தோடம்பழச் சாறு என்ன ஆனது என்கிறீர்களா? 1961 இல் அதன் மானியத்தை நிறுத்தினார் சுகாதார அமைச்சர். வாங்கும் தாய்மார் தொகை விழுந்தது. அமைச்சரின் பெயர் ஈனொக் பவல். ஆம், அவரேதான். ஏழு வருடம் கழித்து பர்மிங்ஹாமில் எழுந்து நின்று, குடியேறிகள் வந்ததால் இங்கிலாந்துக்காரரின் மனைவிமாருக்குப் பிரசவக் கட்டில் கிடைக்கவில்லை என்று முழங்கினார். 1960 முதல் 1963 வரை கட்டில் கணக்கு யாருடைய மேசையில் இருந்தது? அவருடைய மேசையில்.

பவல் போய்விட்டார். கணக்கை விட்டுப் போயிருக்கிறார். ஹீத்ரோ விமான நிலையத்தில் இரவு ஷிஃப்ட் செய்யும் நம் ஆள் சம்பளத்தில் வரி கட்டுகிறார். வீசாவுக்கென்று வருடம் 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணமும் கட்டுகிறார். இரண்டு முறை கட்டியவரைத்தான் ஓசிக்கு வந்தவர் என்கிறார்கள். வீசா முடிந்த பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பாது. பில் அனுப்பும். செலவின் 150 வீதம். 500 பவுண்டுக்கு மேல் கடன் இரண்டு மாதம் நின்றால் குடிவரவைக் கையாளும் ஹோம் ஆபிசுக்குத் தகவல் போகும். பச்சைப்பிள்ளையைப் பார்க்க வீடு தேடி வரத்தான் ஆள் இல்லை. தாயைத் தேடி வர ஆள் உண்டு.