சண்டை காப்பாற்றிய ஊர்

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்றொரு சிற்றூர். ஒரு பழைய தேவாலயம், ஒரு மதுக்கடை, சில பண்ணை வீடுகள். இடைக்கால வேளாண்மை இங்கிலாந்தில் இன்னும் உருப்படியாக நடக்கிற ஊர் இதுதான் என்று பார்க்கப் போகிறவர்கள் பயபக்தியோடு சொல்வார்கள். முன்னோர் மரபைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த உத்தமர்கள் என்று உருகிவிட வேண்டாம். காத்தது வேறு சங்கதி.

நார்மன்கள் வந்தபோது டோக்கி என்பவரிடமிருந்த ஊர், ஜெஃப்ரி ஆல்செலின் என்பவர் கைக்குப் போனது. விற்றாரா, கொடுத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. 1086-இல் எழுதிய டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டில் பதிவாகிவிட்டது. அதற்குமேல் ஏது பேச்சு? அடுத்து ஜான் மன்னர். ஊரைக் கொளுத்தாமல் விட்டுவைக்க நூறு பவுண்டு கட்டுவதாக ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். பேட்டைக்குப் பேட்டை மாமூல் வாங்குகிறவரைப் பார்த்திருக்கிறோம். இவர் கிரீடத்தோடு வாங்கினார்.

பிறகு எவரிங்காம் குடும்பம். ஷெர்வுட் காட்டைக் காக்கும் பரம்பரை உத்தியோகம் இவர்களுடையது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட் டி எவரிங்காம், ராஜாவின் மானிலேயே கைவைத்து, அந்த உத்தியோகத்தைத் தொலைத்தார். அதே காட்டில் ராபின் ஹுட் மான் அடித்தால் கதைப்பாட்டு. காவல்காரர் அடித்தால் சீட்டுக் கிழிகிறது.

அந்தக் குடும்பத்து ஆதாம், புனித மிக்கேல் தேவாலயத்தில் இரண்டு மனைவிகளோடு சிலையாகப் படுத்திருக்கிறார். மூத்தவள் கல்லில், இளையவள் ஓக் மரத்தில். அந்த மாவட்டத்தில் மிஞ்சியிருக்கும் இடைக்கால மரச்சிலை இது ஒன்றே என்று அறிஞர்கள் வியக்கிறார்கள். இளையவளைக் கேட்டால், அவள் வேறு மாதிரி சொல்வாள்.

1635-இல் ஊர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற வணிகரிடம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கே போட்டியாகக் கப்பல் விடக் கிளம்பிய ஆசாமி. தன் நிலத்தைத் துண்டு துண்டாக அளந்து வரையச் சொன்னார். மார்க் பியர்ஸ் என்ற நில அளவையர் உழுகிறவர், வேட்டையாடுகிறவர் வரைக்கும் வரைந்து தள்ளினார். அடுத்த ஆண்டே கோர்ட்டன் காலமானார். படம் ஆக்ஸ்ஃபர்டு போட்லியன் நூலகத்தில் சௌக்கியமாக இருக்கிறது.

இன்றும் ஊரில் நடக்கும் ஏற்பாடு இதுதான்: மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என மூன்று பெரிய வயல்கள், நடுவே வேலி கிடையாது. ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்றிலும் சிதறலாகத் துண்டுகள். நல்ல மண்ணும் மட்டமான மண்ணும் எல்லார் தலையிலும் விழும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்த விதைப்பு, ஒன்று தரிசு; வருஷா வருஷம் முறை மாறும்.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு நாடெங்கும் இப்படிப்பட்ட வயல்களை வேலிக்குள் அடைத்தது. லாக்ஸ்டன் மட்டும் தப்பியது. வீரப் போராட்டம் ஏதும் இல்லை. ஊரில் இரண்டு நிலப்பிரபுக்கள்: மான்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வேலி போடச் செலவும் ஏகம். பங்காளிச் சண்டை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இங்கே ஊரையே பாதுகாத்தது.

வேலி இல்லாத நிலத்தில் பக்கத்துக்காரன் வரப்பை மீறி உழாமல் இருப்பானா? அதற்காகத்தான் லீட் கோர்ட் என்ற ஊர்நீதிமன்றம். நவம்பர் கடைசியில் ஜூரிகள் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். எல்லைக்கு முளை அடிப்பார்கள். உழக்கூடாத புல்பாதையில் எவன் கலப்பை ஓரடி நுழைந்தது என்று குனிந்து பார்ப்பார்கள். பிறகு மதுக்கடையில் சாப்பாடு. ஒரு வாரம் கழித்துக் கோர்ட் கூடி அபராதம் விதிக்கும். அபராதம் கொசுறுதான், ஆனால் ஊரே பார்க்க அகப்பட்டுக்கொள்வது பெரிய காசு. ஜூரியும் விவசாயிதான், இந்த வருஷம் பிடித்தவன் அடுத்த வருஷம் மாட்டுவான். அந்த நம்பிக்கையில்தான் எல்லாரும் ஒழுங்காக உழுகிறார்கள்.

1977-இல் நாடாளுமன்றம் இப்படிப்பட்ட பழங்கால நீதிமன்றங்களின் அதிகாரத்தை மொத்தமாகப் பிடுங்கியது. லாக்ஸ்டன் கோர்ட்டை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. லண்டனுக்கும் தெரிந்திருக்கிறது, வரப்புத் தகராறில் தலையிட்டால் மீள முடியாதென்று.

1952-இல் மான்வர்ஸ் பிரபு ஊரை அரசின் வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அது அரச சொத்து நிர்வாகத்தின் கைக்குப் போனது. 2020-இல் அந்த நிர்வாகம் திரும்ப விற்றது, மான்வர்ஸ் வழிவந்தவர்களின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே. மரபு காக்கப்பட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். மகிழட்டும். ஆனால் அந்த மரபுக்கு உண்மையான காவலர்கள் பிரபுக்களோ அமைச்சகமோ அல்லர். பக்கத்து நிலத்துக்காரன் ஓரடி கூடுதலாக உழுதுவிட்டானா என்று ஒவ்வொரு நவம்பரும் எட்டிப் பார்க்கிற அந்தக் கண்கள்தான். லாக்ஸ்டனில் எல்லாரும் மனம் திருந்தி நல்லவர்களாகிவிட்டால், ஒரே தலைமுறையில் கதை முடிந்தது.