காரச் சூரர்

எந்தக் கல்யாணப் பந்தியிலும் இவரைப் பார்க்கலாம். சாம்பாரை விரலால் தொட்டு நாக்கில் வைத்ததுமே முகத்தைச் சுளித்து, "என்னங்க இது, சப்புனு இருக்கு!" என்று பக்கத்து இலைக்காரரிடம் முறையிடுவார். பரிமாறும் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, உள்ள பச்சமொளகா இருந்தா ரெண்டு எடுத்துட்டு வாப்பா" என்பார். அது வரும்வரை சோற்றில் கை வைக்க மாட்டார். வந்ததும் சுற்றிலும் ஒரு பார்வை. நாலு பேர் கவனிக்கிறார்கள் என்று உறுதியான பிறகுதான் முதல் கடி.

இரண்டு நிமிடத்தில் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். காதுமடல் சிவக்கும். தோள்துண்டு மூக்குக்குப் போகும். பேச்சுக்கு நடுவே ஒரு 'ஸ்ஸ்ஸ்'. அந்த நேரம் பார்த்து "உறைக்குதா?" என்று கேட்டுவிடாதீர்கள். "ஃபேன் ஓடல பாருங்க" என்பார். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

உண்மையில் உடம்பு அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. மிளகாயிலுள்ள கேப்சைசின் போய்த் தட்டுவது, சூட்டை உணரும் நரம்பு ஏற்பியை. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் விழிக்க வேண்டிய அது, ஆறிப்போன சாம்பாருக்கே வாய் வெந்துவிட்டதென்று மூளைக்குத் தந்தி அடிக்கிறது. 1997இல் இந்த ஏற்பியை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதைக் காரச் சூரரிடம் சொல்லிப் பாருங்கள், "அவரு எந்த ஊரு மொளகாய வெச்சுக் கண்டுபிடிச்சாரு?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

எரிந்தும் ஏன் தின்கிறோம்? வாய்தான் அலறுகிறது, நெருப்பு ஏதும் இல்லை என்று மனசுக்குத் தெரியும். அந்தப் பொய்யான ஆபத்தில்தான் சுகம் என்கிறார் பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர். பேய்ப்படத்துக்குக் காசு கொடுத்துப் போய் நடுங்குகிறவர்களையும் அவர் இதே கணக்கில்தான் சேர்க்கிறார். சரிதான். ஆனால் நம்மவரை அவர் பந்தியில் பார்த்திருந்தால் இன்னொன்றும் சேர்த்திருப்பார்: வேடிக்கை பார்க்க ஆள் வேண்டும். வீட்டில் தனியாகச் சாப்பிடும் இரவுகளில் காரச் சூரருக்குத் தயிர்சாதம்தான். அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூட வேண்டாம் என்பார். சட்டைப்பையில் வயிற்றெரிச்சல் மாத்திரை இருப்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

"காரம் எங்க ரத்தத்துலயே ஊறினது, ராமநாதபுரம் முண்டு மொளகா தின்னு வளர்ந்த வம்சம்" என்று மார்தட்டுவார். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இறக்கும்வரை நம் முன்னோர் மிளகை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள் என்று எடுத்துச் சொன்னால் கோபம் வரும். "அப்ப எங்க பாட்டனுக்குப் பாட்டன் சப்புனா சாப்ட்டான்?"

காரம் ஆகாதவர்கள் மீது அவருக்குப் பகை கிடையாது. அவர்கள்தானே ரசிகர்கள்! அவர் அஞ்சுவது குண்டூர்ப் பக்கத்துக்காரருக்கு. அந்த மனிதர் சோற்றில் நெய் ஊற்றி, ஆவக்காயைப் பிசைந்து, வியர்க்காமல் ஊர்க்கதை பேசியபடியே தின்று முடித்து எழுந்துவிடுவார். அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்த அன்றைக்கு நம்மவர் பச்சை மிளகாய் கேட்பதில்லை.

இவர் உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால் ஒரு உதவி செய்யுங்கள். கண்ணில் நீர் கட்டியதும் தண்ணீர்ச் சொம்பை நீட்டாதீர்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. எரிச்சல் வாயெல்லாம் பரவும். பால், தயிரிலுள்ள கேசீன் என்ற புரதம்தான் அதைப் பற்றிக் கழுவும். ஆகவே, "தயிர் மிஞ்சிப்போச்சுண்ணே, நீங்கதான் தீர்த்து வைக்கணும்" என்று சொல்லி இலையில் கெட்டியாக ஊற்றிவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.