செலவே இல்ல சார்

"செலவே இல்ல சார்" என்று எங்கள் ப்ளாக் போட்டோ ஆர்வலர் ஆரம்பித்தால் ஃப்ரிட்ஜைப் பூட்டிவிடுங்கள்.

காமிரா சும்மா கிடைத்தது. மூடிப்போன ஸ்டூடியோவின் பரணில் தூங்கிய வாகீஸ்வரி, ஆலப்புழையில் செய்த மரப்பெட்டி. துருத்தியில் ஓட்டை, எதிர்வீட்டுப் பையனின் சைக்கிள் பஞ்சர் பேட்ச் ஒட்டினார். லென்ஸ் பலகை, அம்பத்தூர் எஸ்டேட்டில் மைத்துனர் பட்டறை உபயம். தலையில் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணி, மூன்றாம் மாடிக்காரர் சபரிமலைக்கு எடுத்து வைத்திருந்த வேட்டி.

நாலுக்கு ஐந்து அங்குல பிலிம் விற்கிற விலையில் ஆகாதாம். அதனால் எக்ஸ்ரே பிலிம். எட்டுக்குப் பத்து தாளை நாலாக வெட்டினால் கணக்கு சரி. சிவப்பு வெளிச்சத்திலேயே கழுவலாம் என்று பூஜை அறை ஜீரோ வாட் பல்பு பாத்ரூமுக்குப் போனது. சாமி இருட்டில்.

ஆனால் டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். மே மாதம் முகப்பேரில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் பருப்பே வெந்துவிடும். ஆகவே ஞாயிறுதோறும் காலிங்பெல். "ஒரே ஒரு ட்ரே ஐஸ் சார்." கொடுக்கும்வரை வாசலில் நின்று பாடம்: 1858-ல் லினேயஸ் டிரைப் என்கிற வெள்ளைக்காரர் மதுரைக் கோயிலை மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தாராம். எடுக்கட்டும். அவர் யார் வீட்டில் ஐஸ் கேட்டார்?

போன மாதம் ட்ரே, படம் கழுவும் ஹைப்போ வாடையோடு திரும்பி வந்தது. அதில் இனி யார் ஐஸ் வைப்பது? புதிது வாங்கினேன். அன்று வந்த விருந்தாளிக்கு வெதுவெதுப்பாய் எலுமிச்சை ஜூஸ். இதெல்லாம் அவர் கணக்கு நோட்டில் ஏறாது. சிக்கனம் அவருடையது, செலவு ப்ளாக்குடையது.

என் அம்மாவையும் விடவில்லை. "அசையாதீங்க மாமி" என்று மாடியில் வெயிலில் நிறுத்தினார். பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, குங்குமம் கறுப்பாக விழுந்தது. இரண்டு பக்கமும் மருந்து பூசிய பிலிம், தட்டில் உரசிக் கன்னத்தில் கீறல். ஆனாலும் புடவையின் ஒவ்வொரு இழையும், அம்மா சிரிப்பை அடக்குவதும் அதில் இருக்கிறது. போனில் எடுத்த ஆயிரம் படங்களில் அது இல்லை. அம்மா ஃப்ரேம் போடச் சொன்னாள். 850 ரூபாய், என் பாக்கெட்டிலிருந்து.

நேற்று படியில் மறித்தார்.

"இனிமே எட்டுக்குப் பத்து சார். தாளை வெட்டவே வேணாம், பிளேடு காசும் மிச்சம். தட்டுதான் கொஞ்சம் பெரிசு. உங்க ஃப்ரீசர்ல எத்தனை ட்ரே பிடிக்கும்?"