குண்டு விழுந்த ஊரிலிருந்து பந்து விழும் ஊருக்கு

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

சனி ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று நீங்கள் போனில் கேட்கும்போதெல்லாம் உங்கள் மகள் "துணி துவைத்தோம்" என்று ஒரே பதிலைச் சொல்லி வைக்கிறாள். பெரும்பாலும் அது உண்மைதான். போன வாரம் மட்டும் துணியை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, செயின்ட் ஆண்ட்ரூஸ் போய் வந்தோம். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அது திருத்தலம். இங்கே ஆபீஸில் அந்த ஊரை இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னால், சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு நடராஜரைப் பார்க்காதவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

எடின்பரோவில் ரயில் ஏறி, 1890இல் திறந்த ஃபோர்த் பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் போக வேண்டும். ஆனால் ரயில் ஊருக்குள் போகாது. அந்தப் பாதையை 1969இலேயே மூடிவிட்டார்கள். லூக்கர்ஸ் என்ற இடத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். முதுநகர், திருப்பாதிரிப்புலியூர் என்று இரண்டு ஸ்டேஷன் வைத்திருக்கும் கடலூர்க்காரன் நான். உலகப் புகழ் பெற்ற ஊருக்கு ஒரு ஸ்டேஷன்கூட இல்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. உங்கள் மகள்தான், "அந்த இரண்டிலும் எந்த ரயில் நிற்கும், எது நிற்காது என்று உங்களுக்கே தெரியாது" என்று அதை இறக்கி வைத்தாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் காற்று. 2011 டிசம்பரில் தானே புயலை வீட்டுக்குள் இருந்து பார்த்தவன் காற்றுக்கு அஞ்சலாமா என்று குடையை விரித்தேன். குடை வட கடல் பக்கம் போயிற்று. பக்கத்தில் நின்ற பெரியவர் புன்னகையோடு, இன்றைக்கு நல்ல வானிலை என்றார்.

முதலில் மைதானத்தைச் சொல்கிறேன். ஓல்டு கோர்ஸ் என்று பெயர். அறுநூறு வருஷமாக இங்கே ஆடுகிறார்கள் என்பது ஊரின் பெருமை. 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் ராஜா, ஆட்கள் வில்வித்தை பழகாமல் பந்து தட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று இந்த ஆட்டத்தையே தடை செய்தார். 1502இல் நான்காம் ஜேம்ஸ் தானே கோல் வாங்கி ஆடத் தொடங்கிவிட்டார். சட்டம் போட்ட வீட்டிலேயே சட்டம் உடைவது எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.

நீங்கள் கணக்கு வாத்தியார் என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். இங்கே முதலில் ஒரு சுற்றுக்கு 22 குழி. கடலோரமாகப் போகும்போது 11, அதே குழிகளில் திரும்பும்போது 11. 1764இல், தொடக்கத்தில் இருந்த நான்கு சின்னக் குழிகளை இரண்டாக இணைத்தார்கள். போகையில் இரண்டு குறைந்தது, வருகையில் இரண்டு குறைந்தது, ஆக 18. உலகம் முழுக்க கோல்ஃபுக்கு 18 குழி என்று ஆனதற்கு இந்தக் கழித்தல்தான் காரணம். இன்னொன்று: இங்கே ஏழு புல்தரைகளில் இரண்டிரண்டு குழிகள் இருக்கின்றன. இரண்டாவதும் பதினாறாவதும் ஒரே தரையில், மூன்றாவதும் பதினைந்தாவதும் இன்னொன்றில். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். உங்கள் மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பாவிடம் சொல்லுங்கள், எனக்குக் குளிர்கிறது" என்றாள்.

ஆட வேண்டுமென்றால் முன்னூறு பவுண்டுக்கு மேல் கட்டணம். நம் பணத்தில் ₹35,000 தாண்டும். பணம் இருந்தால் மட்டும் போதாது, ஓரளவு ஆடத் தெரியும் என்று சான்றிதழ் காட்ட வேண்டும், அதற்கு மேல் குலுக்கலில் பெயரும் விழ வேண்டும். ஆனால் வேடிக்கை பார்ப்பது இலவசம். முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் குறுக்கே ஒரு பொதுப் பாதை கடற்கரைக்குப் போகிறது. நாய், குழந்தை வண்டி எல்லாம் அதில் போகும். கோடீஸ்வரர் கோலை ஓங்கியபடி காத்திருப்பார். நாங்கள் அதில் நடந்தபோது யாரோ "ஃபோர்!" என்று கத்தினார். உங்கள் மகள் கிரிக்கெட் ஞாபகத்தில் கைதட்டினாள். தலையைக் குனிந்துகொள்ளச் சொல்லும் எச்சரிக்கை அது என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள்.

அங்கே நின்றபோது எனக்கு நம் தேவனாம்பட்டினம் ஞாபகம் வந்தது. 1690இல் மராத்தியரிடம் கோட்டையை விலைக்கு வாங்கிய இங்கிலீஷ்காரன், பீரங்கியைச் சுட்டு, குண்டு விழும் தூரம் வரைக்குமான ஊரெல்லாம் நம்முடையது என்று எடுத்துக்கொண்டான் அல்லவா? குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் பஸ்ஸில் பலகை போட்டுக்கொண்டுதானே போகிறோம். அதே தீவுக்காரர்கள் இங்கே பந்தை அடிக்கிறார்கள், விழுந்த இடம் வரை நடக்கிறார்கள், அங்கிருந்து மறுபடி அடிக்கிறார்கள், மாலையில் ஒரு அடி நிலம்கூடச் சொந்தமாகாமல் வீட்டுக்குப் போகிறார்கள். இந்த ஆட்டத்தோடு அவர்கள் நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

இந்த நிலம் ஊர்ப் பொதுச் சொத்து. 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் எழுதிக்கொடுத்த சாசனப்படி, அங்கே பந்தாட ஊர் மக்களுக்கு உரிமை உண்டு. பிறகு ஊராட்சி கடனில் மூழ்கி நிலத்தை விற்க, 1797 முதல் முயல் வளர்ப்பவர்கள் கையில் போய்விட்டது. முயல் தோண்டிய பள்ளத்திலெல்லாம் பந்து விழ, வழக்கும் கைகலப்புமாக இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் வாங்கிக் காப்பாற்றினார். நம் ஊர்ப் புறம்போக்கு வழக்குகளை நினைத்தால் இருபது வருஷம் ஒன்றும் அதிகமில்லை.

இனி நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். சவுத் ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய கல் கட்டடம். விளக்கப் பலகையைப் படித்ததும் இருவரும் நின்றுவிட்டோம். மெட்ராஸ் காலேஜ்! இட்லிக் கடைகூட இல்லாத தெருவில் மெட்ராஸ். அது காலேஜ் அல்ல, பள்ளிக்கூடம். 1833இல் தொடங்கியது. 2021இல் ஊரின் ஓரத்துக்குப் புதுக் கட்டடத்தில் மாறிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தப் பெயருக்குக் காரணமான ஆண்ட்ரூ பெல் 1753இல் இதே ஊரில் பிறந்தவர். 1789இல் எழும்பூர் ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். வாத்தியார்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது, நம் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். உடனே தன் இல்லத்திலும் மணலைக் கொட்டச் சொன்னார். பெரிய பையன்களை விட்டுச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். வேறென்ன மாமா, நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான். உங்கள் தாத்தா சட்டாம்பிள்ளையாக இருந்து காதைத் திருகிய கதையை நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! ஊர் திரும்பிய பெல் 1797இல் அதை ஒரு புத்தகமாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. மனுஷர் 1832இல் இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அடக்கமானார். அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்ததுதான் இந்தப் பள்ளி.

ஒன்று சொல்ல வேண்டும். நம்மிடம் எடுத்துப்போனவற்றில், எங்கிருந்து எடுத்தோம் என்று வாசலிலேயே பெயர் எழுதி வைத்தது இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. சட்டாம்பிள்ளைக்கு மட்டும் இங்கே சிலை இல்லை.

1413இலிருந்து இங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த உங்கள் மகள், 1929தானே நம்முடையது என்று கொஞ்சம் அடங்கி நடந்தாள். 1528இல் பேட்ரிக் ஹாமில்டன் என்ற இளைஞரை மத விவகாரத்தில் எரித்த இடத்தில், அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தரையில் கல்லால் பதித்திருக்கிறார்கள். அதை மிதித்த மாணவன் பரீட்சையில் தேறமாட்டான் என்று ஐதீகம். எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். "நான்தான் படித்து முடித்துவிட்டேனே" என்று இரண்டு காலையும் ஊன்றி நின்று போட்டோ எடுக்கச் சொன்னாள். எடுத்து முடித்த பிறகுதான், அடுத்த மாதம் டிரைவிங் டெஸ்ட் இருப்பது ஞாபகம் வந்தது. பரிகாரம் உண்டாம்: மே முதல் தேதி விடியற்காலையில் வட கடலில் முழுக்கு. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் முழுகியவளாயிற்றே என்றேன். பதில் வரவில்லை.

ஊரின் கிழக்கு முனையில் 1318இல் குடமுழுக்குக் கண்ட கதீட்ரல், இப்போது சுவரும் முனையுமாக நிற்கிறது. மதச் சீர்திருத்தக் கலவரத்தில் 1559இல் சூறையாடினார்கள், பிறகு கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்தபோது, மேல வீதியில் தேர் திரும்பும் ஓசை இன்றும் கேட்கிற சிதம்பரத்தில் நீங்கள் இருப்பது பெரிய காரியம் என்று தோன்றியது.

சாப்பாடு பற்றிக் கேட்காதீர்கள். பொரித்த மீனில் மிளகாய் என்ற பேச்சே இல்லை. அறைக்கு வந்து, அவள் டப்பாவில் கொண்டுவந்த கத்தரிக்காய் கொத்சுவைத் தொட்டுக்கொண்டு அந்த மீனை முடித்தோம். இரண்டு கடற்கரைகளும் ஒரு தட்டில் சமாதானமாயின.

கடைசியில் நாங்களும் ஆடினோம். சில பவுண்டுக்கு யார் வேண்டுமானாலும் பந்து உருட்டலாம் என்று மேடும் பள்ளமுமாக ஒரு புல்தரை. அதற்குப் பெயர் ஹிமாலயாஸ். 1867இல் பெண்களுக்காகத் தொடங்கிய கிளப் அது. அந்தக் காலத்தில் பெண்கள் கோலைத் தோளுக்கு மேல் ஓங்குவது மரியாதை இல்லையாம். 1754இல் தொடங்கிய இந்த ஊரின் பெரிய கோல்ஃப் கிளப் பெண்களைச் சேர்க்க ஒப்புக்கொண்டது 2014இல்தான். உங்கள் மகள் கழித்துப் பார்த்து, "இருநூற்று அறுபது வருஷம்" என்றாள், பிறகு என்னை எல்லாக் குழியிலும் தோற்கடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஊரே அதில் நடக்கப் போகிறது. ஒரு பைசா கட்டாமல் ஸ்வில்கன் கல்பாலத்தின் மேல் நின்று கை ஆட்டலாம். வாக்கிங் போகும் உங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜூனில் வாருங்கள், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அத்தைக்கு ஸ்வெட்டர் இங்கே வாங்கிக்கொள்ளலாம். விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை அடுத்த வாரம் அனுப்புகிறேன். அத்தையின் பாஸ்போர்ட் மார்ச்சில் காலாவதியாகிறது; முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்