எண்ணெய்க்கு எண்ணெய்தான் உறவு

கே: கடலை எண்ணெயில் வைட்டமின் ஈ அளக்கிறோம். சி-18 காலத்தில் (column, பிரிப்புக் குழாயில்) பிரஷர் ஏறிவிட்டது, பீக்குகள் அகன்றுவிட்டன. இரவெல்லாம் மெத்தனால் ஓட்டியும் பலனில்லையே?

ப: எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணீரில் அலசினால் என்ன ஆகும்? அதுதான் நடந்திருக்கிறது. காலத்தின் உள்ளே இருக்கும் சிலிக்கா மணிகள்மேல் 18 கார்பன் நீளச் சங்கிலிகள் புல்லாக நிற்கின்றன. கடலை எண்ணெயின் ட்ரைகிளிசரைடுக்கும் ஏறத்தாழ அதே நீள வால்கள், அதுவும் மூன்று. ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? மெத்தனாலுக்கு அதைக் கரைக்கும் தெம்பு இல்லை. நேரத்தைக் கூட்டாதீர்கள், கரைப்பானை மாற்றுங்கள்.

கே: எதற்கு மாற்ற? எந்த வரிசையில்?

ப: முதலில் டிடெக்டரைக் கழற்றிவிட்டு, வெளிவரும் முனையை பீக்கரில் விடுங்கள். கழிவு டிடெக்டரின் செல்லுக்குள் போகவே கூடாது. கடைசியாக ஓடியது பாஸ்பேட் பஃபர் என்றால், 10 சதவீதம் அசிட்டோநைட்ரைல் கலந்த தண்ணீரால் உப்பை வெளியேற்றுங்கள். இதைத் தாண்டிக் குதித்தால் உப்பு உள்ளேயே படிந்து, கொழுப்பைவிடப் பெரிய தலைவலியாகும். அடுத்து அசிட்டோநைட்ரைல். அதன்பின் ஐசோபுரொப்பனால், இதுதான் உண்மையான சலவைக்காரர். ஆனால் பிசுபிசுப்பில் தண்ணீரைப்போல இரு மடங்குக்கும் மேல். அதனால் வேகத்தை நிமிடத்துக்கு 0.3 மில்லிக்குக் குறைத்து, காலம் இருக்கும் ஓவனை 40 டிகிரியில் வையுங்கள். 4.6க்கு 250 மில்லிமீட்டர் அளவுக்கு 50 மில்லி, அதாவது மூன்று மணி நேரம் பொறுமை வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் ஹெக்சேன் அல்லது டைக்குளோரோமீத்தேன். இரண்டுமே தண்ணீரோடு கலக்காதவை. போகும்போதும் திரும்பும்போதும் நடுவில் ஐசோபுரொப்பனால் ஓடியே ஆக வேண்டும், பம்புக்குள்ளும் சேர்த்து. பீக் (PEEK) எனும் பிளாஸ்டிக் ட்யூபிங்கை டைக்குளோரோமீத்தேன் உப்பவைக்கும், ஸ்டீல் மாட்டுங்கள்.

கே: தலைகீழாக மாட்டிக் கழுவலாமா?

ப: தயாரிப்பாளரின் குறிப்பு அனுமதித்தால் தாராளமாக. அழுக்கு பெரும்பாலும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கும். வந்த வழியே அனுப்புவதுதான் சுருக்கு வழி.

கே: சோப்பு, காரம்?

ப: கூடவே கூடாது. சோப்பும் ஒட்டிக்கொள்ளும். பிஹெச் 8ஐத் தாண்டினால் சாதாரண சிலிக்கா கரையத் தொடங்கும்.

கே: அப்படியானால் சி-18 போன்ற ரிவர்ஸ்டு ஃபேஸ் முறைக்கும் கொழுப்புக்கும் ஆகவே ஆகாதா?

ப: அப்படிச் சொன்னால் என் மனம் ஒப்பாது. 1950ல் ஹோவர்டும் மார்ட்டினும் இந்த முறையைக் கொண்டுவந்ததே கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கத்தான். அடுத்த இரண்டாம் ஆண்டே, அதற்கு முன் சிஞ்சோடு சேர்ந்து கண்ட பங்கீட்டு முறைக்காக மார்ட்டினுக்கு நோபல் பரிசு. கொழுப்பு இந்த வீட்டின் முதல் விருந்தாளி. அதற்கேற்ற கரைப்பானைக் கொடுத்தால் கிளம்பிவிடும்.

கே: கழுவும் வேலையே வராமல் தடுக்க?

ப: எண்ணெயை அப்படியே ஊசியில் ஏற்றாதீர்கள். ஆல்கஹாலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காய்ச்சினால் கொழுப்பு சோப்பாகிவிடும், வைட்டமின் ஈ தப்பிக்கும். ஹெக்சேனில் அதைப் பிரித்து, உலர்த்தி, மெத்தனாலில் கரைத்து ஏற்றலாம். சூட்டிலும் காரத்திலும் வைட்டமின் ஈ எளிதில் கெடும், அஸ்கார்பிக் அமிலம் சேர்க்க மறக்காதீர்கள். முன்னால் ஒரு கார்டு காலமும் மாட்டுங்கள்.

கே: காலத்தை எப்போது கைவிடுவது?

ப: புதிதாக வாங்கிய அன்றே ஒரு ஸ்டாண்டர்டு ஓட்டி பிரஷரையும் பீக் வடிவத்தையும் எழுதி வையுங்கள். முழுதாகக் கழுவிய பிறகும் பீக் இரண்டாகப் பிளந்தால், தலைப்பக்கம் பள்ளம் விழுந்திருக்கலாம். பள்ளத்தை நிரப்பும் கரைப்பான் கிடையாது, புதிது வாங்குங்கள்.